எட்சிங் கண்ணாடிக்கு நிறம் கொடுப்பதற்கு முன்னால்

மதினி மதுரை திருநகரில் புது வீடு கட்டிப் போன தையில் பால் காய்ச்சினார்கள். சாமி ரூமுக்குத் தேக்குச் சட்டம் போட்ட ஒற்றைக் கதவு, நடுவில் பரப்பை அரித்து வெள்ளையாகப் படம் எடுத்த எட்சிங் கண்ணாடி, அதில் கையில் கிளியோடு மீனாட்சி, இரண்டு பக்கமும் சரம் சரமாக மணி. முந்தின நாள் சாயங்காலம் உள்ளே நின்று ஈரத்துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த மதினி திடீரென்று, "ஐயையோ, அம்மன் முகம் அழிஞ்சுபோச்சே" என்று சத்தம் போட, ஓடிப்போய்ப் பார்த்தால் நிஜமாகவே முகத்தில் முக்கால்வாசியைக் காணோம். அந்த இடத்தில் ஹாலில் சாத்தி வைத்திருந்த பெயின்டர் ஏணி தெரிகிறது. கடைக்காரர் ஏதோ ஸ்டிக்கரை ஒட்டி ஏமாற்றிவிட்டார் என்று அண்ணன் ஃபோனையே எடுத்துவிட்டார். நான் ஃபேனைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஈரம் காயக் காய மூக்கு, கண், மூக்குத்தி எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

எட்சிங் கண்ணாடிக்குக் கலர் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததைத்தான். எந்த பெயின்ட், எந்த பிரஷ் என்பதெல்லாம் அப்புறம். நான் இதைத் தொழிலாகச் செய்கிறவன் கிடையாது, கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நண்பனின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து, வேஸ்ட் துண்டுகளில் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவன். அந்தத் தப்புகளில் பாதி, அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் வந்தவை.

அந்த வெள்ளை ஒரு பூச்சே இல்லை. சர்பத் கடையில் ஐஸ் துருவுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டியாக இருக்கும்போது பின்னால் இருக்கிற பாட்டில் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிற ஐஸ், துருவி டம்ளரில் போட்டதும் பஞ்சு மாதிரி வெள்ளையாகிவிடுகிறது. எதையும் கலக்கவில்லை, அதே தண்ணீர்தான். துருவியதால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முகங்கள் உண்டாகி, உள்ளே போகிற வெளிச்சம் ஒவ்வொரு முகத்திலும் திரும்பித் திரும்பிச் சிதறுகிறது; எல்லா நிறமும் ஒரே அளவாகச் சிதறினால் நம் கண்ணுக்கு வெள்ளை. அதன் மேல் நன்னாரியை ஊற்றியதும் என்ன ஆகிறது? துருவலுக்கு நடுவில் இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தைச் சாறு நிரப்பிவிட, வெள்ளை போய்விடுகிறது. நன்னாரி நிறத்தில் ஏறக்குறையக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது.

எட்சிங் கண்ணாடி துருவின ஐஸ். கலர் நன்னாரி. அவ்வளவுதான் விஷயம், மீதி எல்லாம் கைப்பழக்கம்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. வெளிச்சம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதை ஒளிவிலகல் எண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, சாதாரண ஜன்னல் கண்ணாடிக்குச் சுமார் 1.52. எட்சிங் செய்த பரப்பில் உள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று இருக்கும்போது 1-க்கும் 1.52-க்கும் உள்ள வித்தியாசம் பெரிது, அதனால் வெளிச்சம் நன்றாகச் சிதறி வெள்ளை பளிச்சென்று இருக்கிறது. தண்ணீர் நிரம்பினால் வித்தியாசம் குறைந்து வெள்ளை மங்கிவிடுகிறது. வார்னிஷ், லேக்கர், எண்ணெய் போன்றவற்றின் எண் 1.5-ஐ ஒட்டியே இருப்பதால் அவை நிரம்பினால் வித்தியாசமே இல்லாத மாதிரி ஆகி, வெள்ளை கிட்டத்தட்ட முழுசாகக் காணாமல் போய்விடும். தண்ணீராவது காய்ந்துவிடும், வார்னிஷ் போகாது.

இது தெரியாமல் நான் செய்த முதல் பாவம்: அழகாக ஒரு தாமரை எட்சிங் செய்து, இதழ்களுக்கு மட்டும் ரோஸ் கொடுத்து, இலைகளை வெள்ளையாகவே விட்டு, எல்லாம் காய்ந்த பிறகு "பாதுகாப்பா இருக்கட்டும்" என்று முழுக்கண்ணாடிக்கும் கிளியர் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். அடித்த கையோடு இலை, தண்டு, குளத்து அலை எல்லாம் கரைந்து போய், வெறும் கண்ணாடியில் ரோஸ் இதழ்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. காய்ந்தால் திரும்பி வரும் என்று ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

அந்தப் பள்ளங்கள் எப்படி உண்டாகின்றன என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வழியில் எட்சிங் செய்தார்களோ அதைப் பொறுத்துத்தான் கலர் உட்காரும். வழிகள் இரண்டு: அமிலம், மணல். கண்ணாடியில் பெரும்பங்கு சிலிக்கா. நாம் வழக்கமாகப் பார்க்கிற மற்ற அமிலங்கள் அதை ஒன்றும் செய்யாது, அதனால்தானே அமிலத்தைக் கண்ணாடி பாட்டிலில் வைக்கிறோம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மட்டும் சிலிக்காவைத் தின்னும். அதன் தம்பி மாதிரியான அம்மோனியம் பைஃபுளோரைடு கலந்த குழம்புதான் எட்சிங் கிரீம் என்று கிராஃப்ட் சாமான்களோடு கிடைப்பது. அமிலம் அரித்த பரப்பு பட்டு மாதிரி நயமாக இருக்கும். மணல் வழியில், அழுத்தமான காற்றோடு கரகரப்பான துகளை அடித்துக் கண்ணாடியைக் கொத்துகிறார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் டில்மன் என்பவர் 1870-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், அடிப்படை இன்றைக்கும் அதேதான். பரப்பு அமில வேலையைவிடச் சொரசொரப்பாக வரும்.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் நடப்பது மணல் அடிப்பதுதான். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, பிளாட்டரில் வினைல் ஸ்டிக்கர் வெட்டி, கண்ணாடி மேல் ஒட்டி, எங்கே வெள்ளை வேண்டுமோ அந்தத் துண்டுகளை மட்டும் பிளேடு முனையால் உரித்து எடுத்துவிட்டு அடிப்பார்கள். ஸ்டிக்கர் இருக்கிற இடம் தப்பிக்கும், இல்லாத இடம் வெளுக்கும். பெயர்தான் மணல், அடிக்க வேண்டியது அலுமினியம் ஆக்சைடு போன்ற துகளை. ஆற்று மணலை அடித்தால் அது உடைந்து நுண்ணிய சிலிக்கா தூசியாகிறது, அதைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் நுரையீரலில் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. அலுமினியம் ஆக்சைடு அடித்தாலும் பறக்கிறதில் கண்ணாடித் தூசியும் கலந்திருக்கும் என்பதால் மூடின பெட்டிக்குள் கையை விட்டு அடிப்பதே முறை. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திறந்த வெளியில் அடிக்கிற தம்பிகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

அமிலத்தைப் பற்றி இன்னும் கறாராகவே சொல்கிறேன். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை வீட்டில் வைத்து வேலை செய்யாதீர்கள், யார் வாங்கித் தருகிறேன் என்றாலும். தோலில் பட்டால் சில நேரம் உடனே எரியாது, எரியாததால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம், அது உள்ளே இறங்கி ரத்தத்திலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கிரீமும் அதே குடும்பம்தான். கையுறை, கண்ணுக்குக் காப்பு, காற்றோட்டம் மூன்றும் இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம், பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். கையில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியைப் பாருங்கள், அங்கே என்ன பட்டது என்று பெயரைச் சொல்லுங்கள். கலர் கொடுக்கப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது, கடையிலேயே மணல் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு, ஐந்து மில்லிமீட்டர் கனம், ஓரம் அரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஓரம் அரைக்காத துண்டில் வேலை செய்து விரலைக் கிழித்துக்கொண்டவன் சொல்கிறேன்.

சரி, கலருக்கு வருவோம்.

வழுவழுப்பான கண்ணாடியில் பெயின்ட் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். பிடிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. சுவருக்கு பட்டி பார்த்து உப்புத்தாள் போடுகிறோமே, அந்த வேலையை எட்சிங் ஏற்கனவே செய்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் பெயின்ட் இறங்கிக் காலூன்றி நிற்கும். இது அனுகூலம். பிரதிகூலம் என்னவென்றால், அப்படி இறங்கினால்தான் நன்னாரிக் கதை நடக்கிறது, வெள்ளை போய்விடுகிறது. ஆக, நிறம் கொடுப்பது என்றால் வெள்ளையை எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே பிடித்து வைப்பது என்று முடிவு பண்ணுவது. இதற்கு மூன்று விதமாகப் போகலாம்.

முதலாவது, முழுக்க மூழ்கடிப்பது. கண்ணாடிக்கென்றே வருகிற தெளிவான கலரைப் பள்ளம் நிரம்ப ஊற்றினால் அந்த இடம் வெள்ளையை விட்டுவிட்டு, நிறமுள்ள தெளிந்த கண்ணாடி மாதிரி ஆகும், பின்னால் இருப்பது தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்து வளைவுகளுக்கு மேலே சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி பதித்திருப்பார்களே, அந்த மாதிரிப் பலன். சாமி ரூம் கதவில் இதை நிறையச் செய்தால் மறைப்பு போய்விடும், உள்ளே அடுக்கி வைத்த எண்ணெய் டின் வரைக்கும் வெளியே தெரியும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தூவுவது. ஏர்பிரஷ்ஷில் லேக்கரையோ பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்டையோ பனி மாதிரி லேசாக அடித்தால் துகள்கள் மேடுகளின் மேல் உட்காருமே தவிரப் பள்ளத்தை நிரப்பாது. வெள்ளையும் இருக்கும், நிறமும் இருக்கும், அழுத்தமில்லாமல் வெளிறின சாயலாக வரும். கடைகளில் நீங்கள் பார்த்து மயங்குகிற, ஓரத்தில் கரும்பச்சையில் தொடங்கி நடுவில் வெளுத்துப் போகிற இலைகள் எல்லாம் இப்படி வந்தவைதான். ஆசை மிகுந்து இன்னொரு கோட், இன்னொரு கோட் என்று போனால் ஒரு கட்டத்தில் பள்ளம் நிரம்பி, சட்டென்று ஈரம் பட்ட மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தைத் தாண்டாமல் கையை நிறுத்துவதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆனது.

மூன்றாவது, எட்சிங் பக்கத்தைத் தொடாமல் மறுபக்கத்து வழுவழுப்பில் கலர் கொடுப்பது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரிவது மாதிரி நிறம் மென்மையாகக் கசியும், பார்க்க எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். ஆனால் பிடிமானம் இல்லாத பக்கம் என்பதால் கண்ணாடிக்கென்று உள்ள பிரைமரோ லேக்கரோ இல்லாமல் நிற்காது, கை படுகிற கதவுக்கு ஒத்துவராது. சுவரில் மாட்டுகிற படத்துக்குச் சரி.

இந்த மூன்றில் எது என்று முடிவு பண்ணும் முன்னால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்க்க வேண்டும். தெளிவான கலர், வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வந்தால்தான் உயிரோடு இருக்கும்; பின்னால் இருட்டாக இருந்தால் சிவப்பு பாக்குக்கறை மாதிரியும் நீலம் மை மாதிரியும் கறுத்துத் தெரியும். ஜன்னலுக்குப் பகலில் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அழகு, ராத்திரி தெருவில் போகிறவர்களுக்கு அழகு. சாமி ரூமுக்கு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி ஹால் லைட்டை அணைத்தால்தான் கலரே தெரியும், மற்ற நேரத்தில் மங்கல்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு, வெள்ளை கலந்த ஒளி ஊடுருவாத கலர்தான் தோது, அது முன்னாலிருந்து படுகிற வெளிச்சத்திலேயே தெரியும். பட்டறையில் டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்து "ஆகா" என்று சொல்லிவிட்டு, வீட்டில் மாட்டியதும் "என்னண்ணே, கறுப்பா இருக்கு" என்று வருவதெல்லாம் இதனால்தான். ஒரு வேஸ்ட் துண்டில் பூசி, மாட்டப் போகிற இடத்திலேயே காலையிலும் ராத்திரியிலும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள், அரை நாள் வேலைதான்.

பூசுகிற வேலையைச் சொல்கிறேன். முதலில் சுத்தம். பள்ளங்களில் அடித்த துகளும் கண்ணாடித் தூளும் அடைந்து கிடக்கும். மென்மையான பிரஷ் போட்டுத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலை நூல் விடாத துணியில் தொட்டுத் துடையுங்கள். அதற்குப் பிறகு எட்சிங் பரப்பில் விரல் படக்கூடாது. தலையில் தேங்காயெண்ணெய் தடவின கையோடு ஒரு தடவை தொட்டீர்கள் என்றால் அந்த ரேகை பள்ளத்தில் இறங்கி, அந்த இடத்தில் கலர் ஒட்டாமல் விலகி நிற்கும். கிரீமில் எட்சிங் செய்தவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை: கழுவின உடனே பார்த்தால் கண்ணாடியில் ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும், கிரீம் போலி என்று நினைத்து மறுபடி தடவாதீர்கள். மதினி கதைதான். காயட்டும், வெள்ளை வரும்.

பிரஷ்ஷில் செய்வதானால் கண்ணாடியைச் சமமான மேஜையில் படுக்க வையுங்கள், நிறுத்தி வைத்துப் பூசினால் கலர் வழிந்து அடிப்பக்கம் தேங்கிவிடும். சுற்றிலும் லைனர் என்கிற கெட்டியான கோட்டை இழுத்துக் காயவிடுகிறோமே, அது வயலுக்கு வரப்பு மாதிரி. எங்கேயாவது மயிரிழை இடைவெளி விட்டால் அந்த வழியாக மடை உடைந்து அடுத்த பாத்திக்குக் கலர் போய்விடும். பிரஷ்ஷைத் தேய்க்காதீர்கள். நிறைய முக்கி எடுத்து நடுவில் ஒரு துளி வைத்து, அதை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், கடைசியில் மூலைகளுக்கு மட்டும் நுனியால் இழுத்துக் கொடுங்கள். குமிழி வந்தால் ஊசியால் குத்திவிடலாம். காய்கிற வரைக்கும் ஃபேன் வேண்டாம், தூசி வந்து உட்காரும்.

எட்சிங் பரப்புக்கென்று ஒரு விசேஷக் குணம் உண்டு, இது வழுவழுப்பான கண்ணாடியில் பழகினவர்களைக்கூடக் கவிழ்த்துவிடும். சொரசொரப்பு கலரை உறிஞ்சிப் பக்கவாட்டில் இழுக்கும், வேட்டியில் மை பரவுவது மாதிரி. இரண்டு எட்சிங் பகுதிகள் ஒட்டி ஒட்டி இருந்து, ஒன்றுக்குப் பச்சை, இன்னொன்றுக்குச் சிவப்பு என்று கொடுத்தால் எல்லையில் இரண்டும் கலந்து சேறாகும். அதனால் கலர் கொடுக்கப் போகிற டிசைன் என்று முதலிலேயே கடையில் சொல்லி, நிறம் மாறுகிற இடங்களில் எல்லாம் இரண்டு மில்லிமீட்டராவது எட்சிங் படாத வெறுங்கண்ணாடிக் கோடு விட்டு ஸ்டிக்கர் வெட்டச் சொல்லுங்கள். கலர் அந்த வழவழப்புக் கோட்டுக்கு வந்ததும் இழுப்பு இல்லாமல் நின்றுவிடும்.

ஸ்ப்ரேயில் செய்பவர்களுக்கு வேறு வசதி இருக்கிறது. மணல் அடித்த பிறகு ஸ்டிக்கரைப் பிய்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டால் அதுவே கலருக்கும் அச்சாகிவிடும். இப்போது ஒரு நிறம் வேண்டாத இடங்களை மட்டும் மாஸ்கிங் டேப்பால் மூடி அடித்துக்கொண்டே போகலாம். ஸ்டிக்கரை எப்போது உரிப்பது என்பதில்தான் சூட்சுமம். ஈரத்தில் உரித்தால் ஓரம் ஓடிவிடும். ரெண்டு நாள் கழித்து உரித்தால் பெயின்ட் ஸ்டிக்கரோடு சேர்ந்து இறுகி, ஓரம் பல் பல்லாகப் பிய்ந்து வரும். தொட்டால் விரலில் ஒட்டாமல், ஆனால் நகம் வைத்தால் தடம் விழுகிற பதத்தில், ஸ்டிக்கரை அதன் முதுகு மேலேயே மடக்கி மெதுவாக உரிக்க வேண்டும். அப்போதும் பயமாக இருந்தால் ஓரத்தில் புது பிளேடால் ஒரு கீறு கொடுத்துவிட்டு உரியுங்கள்.

மதுரையில் இதைச் செய்வதற்கென்று தனிக் கஷ்டங்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அடித்தால் லேக்கர் கண்ணாடிக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே காற்றில் காய்ந்து, பவுடர் மாதிரி உட்கார்ந்துவிடும். பிரஷ்ஷில் ஊற்றினால் மேலே ஏடு கட்டி உள்ளே ஈரம் சிக்கிக் கொப்பளிக்கும். நாங்கள் அந்த மாதங்களில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குக் கடையைக் கட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடுவோம். ஐப்பசி மழையில் நேர்மாறு, காற்றிலுள்ள ஈரம் காய்கிற லேக்கருக்குள் புகுந்து வெண்புகை படிந்த மாதிரி ஆக்கிவிடும். எந்த மாதமானாலும் தின்னர் வைத்திருக்கிற இடத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், விளக்கோ ஊதுபத்தியோ கிட்டத்தில் எரியக்கூடாது. சாமி ரூம் கதவை மாட்டின பிறகு அங்கேயே வைத்து டச்சப் செய்கிறவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள்.

எவ்வளவு நாள் நிற்கும் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. மேலே சொன்னவை எல்லாம் சுடாத கலர்கள். இவற்றில் சாயம் கரைத்துச் செய்தவை பளபளவென்று தெளிவாக இருக்கும், ஆனால் வெயிலில் வெளுக்கும், முதலில் போவது பெரும்பாலும் ரோஸும் ஊதாவும். நுண்ணிய நிறத்தூள் கலந்தவை சற்று மந்தமாக இருந்தாலும் நின்று பிடிக்கும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் கேட்டுப் பார்த்து இரண்டாவது வகையை வாங்குங்கள். கப், டம்ளர் போன்றவற்றுக்கு ஓவனில் சுமார் 150, 160 டிகிரியில் அரை மணி, முக்கால் மணி சுடுகிற கலர்கள் உண்டு. குளிர்ந்த ஓவனுக்குள் வைத்துத்தான் சூட்டை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அப்படிச் சுட்டாலும் வாய் படுகிற விளிம்பில் கலர் வேண்டாம்.

நூற்றாண்டுக் கணக்கில் நிற்பது வேறு ஜாதி. பழைய தேவாலய ஜன்னல்களில் முகத்தின் கோடுகளைக் கண்ணாடித்தூளும் உலோக ஆக்சைடும் கலந்த குழம்பால் வரைந்து, அறுநூறு டிகிரியை ஒட்டின சூட்டில் சுட்டுக் கண்ணாடியோடு ஒன்றாக்கிவிடுவார்கள். ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டால் கண்ணாடிக்குள்ளேயே மஞ்சள் ஏறுகிறது என்று கண்டுகொண்டார்கள், தேவதைகளின் பொன் முடியெல்லாம் வெள்ளி தந்தது. இன்னொரு தந்திரமும் உண்டு, எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது: தெளிந்த கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடியை மெல்லிய தோலாக ஏற்றி ஊதி எடுத்து, வேண்டாத இடத்தில் அந்தச் சிவப்பை அமிலத்தால் அரித்து எடுத்துவிடுவது. நாம் எட்சிங் செய்துவிட்டு நிறத்தைச் சேர்க்கிறோம், அவர்கள் நிறத்தை வைத்துவிட்டு எட்சிங்கால் கழிக்கிறார்கள்.

கதவுக்கு டஃபன் கண்ணாடி போடுகிறவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். டஃபன் செய்வது அறுநூறு டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பது. அதற்குப் பிறகு வெட்டவோ, கைப்பிடிக்கு ஓட்டை போடவோ, ஆழமாகச் செதுக்கவோ முடியாது, மொத்தமும் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். சாதாரணக் கலர் அந்தச் சூளையில் கருகிவிடும். ஆகவே வெட்டு, ஓட்டை, ஆழ எட்சிங், டஃபன், அப்புறம்தான் கலர். டஃபன் இல்லாத சாதாரணக் கண்ணாடியை மேற்கு ஜன்னலில் மாட்டி, அதில் பெரிய பகுதிக்குக் கறுப்போ கருநீலமோ அப்பினால் இன்னொரு வம்பு: அந்த இடம் வெயிலை உறிஞ்சிக் கொதிக்கும், சட்டத்துக்குள் இருக்கிற ஓரம் குளிர்ந்தே இருக்கும், இரண்டுக்கும் முப்பது நாற்பது டிகிரி வித்தியாசம் வந்தால் யாரும் தொடாமலே ஓரத்திலிருந்து விரிசல் ஓடிவிடும்.

எழுத்து வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எட்சிங் பக்கத்தை ரூமுக்கு உள்பக்கம் வைத்து, வழுவழுப்பை ஆட்கள் தொடுகிற வெளிப்பக்கம் வைப்பதுதான் வழக்கம், அதுதான் நல்லதும்கூட. அப்படியானால் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும். நான் ஒரு பெரியம்மா வீட்டுக்கு "ஓம்" என்று நேராக வெட்டி, தங்க நிறம் ஏற்றி, பெருமையாக மாட்டியும் கொடுத்துவிட்டேன். ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் 'ம்' முதலில் வருகிறது. "உள்ளே இருக்குற சாமிக்கு நேராத்தானே தெரியும், விடுப்பா" என்று பெரியம்மா சொல்லிவிட்டார்கள், ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கே போய் உட்கார்ந்தால் கண் அங்கேதான் போகிறது.

எத்தனை நிறம் என்று கேட்டால், ஆரம்பக்காரர்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஏழு கலர் பாட்டிலும் வாங்கியாகிவிட்டது என்பதற்காக ஏழையும் ஊற்றினால் எட்சிங் என்பதே தெரியாமல் சினிமா பேனர் மாதிரி ஆகிவிடும். காசு கொடுத்து அடித்தது அந்த வெள்ளைக்காகத்தான், அது முக்கால் பங்காவது இருக்கட்டும்.

துடைப்பதைப் பற்றி மதினிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வெளிப்பக்கம் எப்படி வேண்டுமானாலும் துடையுங்கள். உள்பக்கம் உலர்ந்த மென்துணி, வேண்டுமானால் வெறுந்தண்ணீர் பிழிந்த துணி. கண்ணாடி பளபளக்க விபூதி போட்டுத் தேய்க்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு, எட்சிங்கில் அது பள்ளத்துக்குள் அடைந்து திட்டுத் திட்டாக நிற்கும். தின்னர், அசிட்டோன் கலந்த எதுவும் கலர் பக்கம் போகவே கூடாது. தினமும் நெய்யும் எண்ணெயும் எரிகிற ரூம் என்பதால் வருஷத்தில் ஒரு முறையாவது விளக்கு மேடைக்கு நேர் மேலே உள்ள பகுதியில் எண்ணெய்ப் புகை இறங்கி வெள்ளை பழுப்பாகவும் ஈரமாகவும் தெரிய ஆரம்பிக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டு, நுரையால் மட்டும் ஒற்றி எடுத்துக் கழுவினால் பள்ளம் மறுபடி காற்றைப் பிடித்துக்கொண்டு வெளுத்துவிடும்.

மதினி கதவுக்குக் கலர் நான்தான் கொடுத்தேன், ஆடியில் கதவைக் கழற்றிப் படுக்க வைத்து. எதற்கு என்ன கலர் என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. அண்ணனுக்குச் சேலை முழுக்கச் சிவப்பு வேண்டும், மகளுக்கு மணி எல்லாம் தங்கம் வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும்போது பச்சைப் பட்டு கட்டி வந்தால் அந்த வருஷம் செழிக்கும் என்று நம்புகிற ஊரில் பச்சைக்கு எதிராக யாரும் பேச முடியாது என்பதால், கிளிக்கு மட்டும் பச்சை, அதன் மூக்குக்கும் அம்மன் நெற்றிக்கும் ஒரு துளிச் சிவப்பு என்று முடித்துவிட்டேன். மூழ்கடிக்கிற முறைதான், ஆனால் கலரில் துளி வெள்ளை கலந்து.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் மதினி மகள் செய்கிற வித்தை ஒன்று இருக்கிறது. ஈரத்துணியை எடுத்துக் கதவின் உள்பக்கம் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பாள். முகம், மாலை, வளையல், சேலை மடிப்பு எல்லாம் கரைந்து போகும். கலர் கொடுத்த இடத்தில் பள்ளம் ஏற்கனவே நிரம்பிவிட்டதால் தண்ணீருக்கு அங்கே வேலையில்லை. நெற்றித் துளியைத் தவிரக் கிளி மட்டும் உட்கார்ந்திருக்கும், கை இல்லாமல், அந்தரத்தில்.